எழுந்து நின்ற பாவம்

பயில்வான் வராத முதல் நாள் பெரியவள் கடையைத் திறக்கவில்லை.

அது சலவைக்கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, இரண்டுக்கும் நடுவே ஒரு துணித்திரை. திரைக்கு இந்தப் பக்கம் துவைக்கும் மெஷின்கள், இஸ்திரி மேசை, லாட்ஜிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து விழும் படுக்கை விரிப்புகள். அந்தப் பக்கம் ஒரு கட்டில், கட்டிலில் அவள் புருஷன். பல வருஷம் டவுன் பஸ் ஓட்டியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் கொஞ்ச நாளில் திரும்பிவிட்டது. "வாய் வண்டி ஓடுது, மத்ததெல்லாம் டெப்போவுல நிக்குது" என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரித்தால் முகத்தில் பாதிதான் சிரிக்கும்.

தினமும் காலையில் அவரை எழுப்பி உட்காரவைத்து, குளியலறைக்குக் கொண்டுபோய், குளிப்பாட்டி, உடுத்தி, விரிப்பு மாற்றி மறுபடியும் சாய்த்துவிடச் சமூகநலத் துறை ஓர் ஆளை அனுப்பிக்கொண்டிருந்தது. நடுவயசு. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. ஆனால் அவ்வளவு பெரிய பஸ்காரரைத் தூக்கி நிறுத்தும்போது அவருக்கு மூச்சுகூட வாங்காது. பஸ்காரர்தான் அவருக்குப் பயில்வான் என்று பேர் வைத்தார். பயில்வான் உள்ளே வேலை பார்க்கும் நேரத்தில் பெரியவள் லாட்ஜ் விரிப்புகளை மெஷினில் போட்டுவிடுவாள். அவர் கிளம்பும்போது முதல் சுற்று துவைத்து முடிந்திருக்கும். இப்படித்தான் அந்த வீடு ஓடிக்கொண்டிருந்தது.

இனிமேல் வாரத்துக்கு ஒரு நாள்தான் ஆள் வருவார் என்று பெரியவளின் செல்போனில் தகவல் வந்தது. பயனாளியின் உடல்நிலையில் முன்னேற்றம் தெரிவதாகக் கணினி கணித்திருக்கிறதாம். அவள் அதைக் கட்டில் பக்கத்தில் நின்று உரக்கப் படித்தாள்.

"முன்னேற்றமாம். யாருக்கு முன்னேற்றம்? உங்களுக்கா?"

பஸ்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று அவரைத் தனியாளாகக் குளிப்பாட்டி முடிப்பதற்குள் பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. லாட்ஜ்காரன் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு மூட்டையை வாசலிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தான். மழை பிடித்துக்கொண்டது. மூட்டை நனைந்தது. பெரியவள் ஈரக் கையோடு தங்கைக்குப் போன் போட்டாள்.

"உங்க மெஷின் எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கு. வந்து என்னன்னு பாரு."

சின்னவள் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரின் மறுகோடியில் புத்தகங்களோடு குடியிருந்தாள். அரசாங்க அலுவலகங்களில் செயற்கை நுண்ணறிவை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது, பயன்படுத்தினால் யார் பொறுப்பு என்று விதி வகுக்க ஒரு நிபுணர் குழு போட்டார்கள். அதில் அவளும் ஓர் உறுப்பினர். வக்கீல்கள், டாக்டர்கள், கணினி நிரல் எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் இருந்தார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைவர். பெரியவளுக்கு இதில் பெருமைதான். கடைக்கு வருகிறவர்களிடம், "என் தங்கச்சிதான் மெஷினுக்கெல்லாம் ஒழுக்கம் சொல்லிக்குடுக்கிறா" என்பாள்.

அந்தப் பெருமையெல்லாம் இன்று இருந்த இடம் தெரியவில்லை. சின்னவள் குடையை மடக்குவதற்குள் பெரியவள் ஆரம்பித்துவிட்டாள்.

"அந்தக் கமிட்டியில கூடிக் கூடி என்னதான் பேசினீங்க? டீ குடிச்சதுதான் மிச்சமா?"

"அக்கா, முதல்ல உட்காரு. மெஷின் மட்டும் முடிவு பண்ண முடியாது. அது சொல்றத ஒரு ஆபீசர் பார்த்து ஒத்துக்கிட்டாத்தான் நடைமுறைக்கு வரும். அந்த விதிக்காக நான் எவ்வளவு சண்டை போட்டிருக்கேன் தெரியுமா?"

"சரி. அந்த ஆபீசர் எப்ப வந்து உங்க அத்தானைப் பார்த்தாரு?"

சின்னவள் குடையைச் சுவரோரம் சாய்த்துவைத்தாள்.

"பேசு. மனுஷன் பார்க்கணும்னு எழுதினேன்னு சொல்றியே. எந்த மனுஷன் பார்த்தான்? நான் பார்க்கிறேன். பயில்வான் பார்க்கிறாரு. வேற யாரு இந்தத் திரையைத் தாண்டி வந்தது?"

"மனு போடலாம்கா. மறுபார்வைக்கு வழி இருக்கு."

"வழி எனக்கும் தெரியும். துறை டைரக்டர் கமிட்டியில உன் பக்கத்து நாற்காலிக்காரர்தானே? ஒரு போன் போடு."

"போடக் கூடாது."

"முடியாதா, கூடாதா?"

"முடியும். கூடாது." சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னா அத்தானுக்கு இன்னைக்கே சரியாயிடும்கா. ஆனா போன் போட ஆளில்லாதவங்க வீட்டுல என்ன நடக்கும்? எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு..."

"உன் நேர்மை உனக்குக் கிரீடம். எனக்கு இடுப்பு வலி."

திரைக்குப் பின்னாலிருந்து பஸ்காரரின் குரல் வந்தது. "ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவா சண்டை போடுங்க. எனக்கு எந்தப் பக்கம் சேர்றதுன்னு தெரியல."

யாரும் சிரிக்கவில்லை. சின்னவள் மட்டும், "மனு முடியற வரைக்கும் காலையில நான் வரேன்" என்றாள். பெரியவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "சாக்பீஸ் தூக்கின கை இது. வா, வா. பார்ப்போம்."

மறுநாளே சின்னவள் வந்துவிட்டாள். முதல் பஸ்ஸைப் பிடித்து, தூக்கக் கண்ணோடு. அது பயில்வானுக்கு ஒதுக்கியிருந்த நாள் என்பதால் அவரும் இருந்தார். அவர்தான் கற்றுக்கொடுத்தார்.

"கையால தூக்காதீங்கம்மா, காலால தூக்குங்க. முட்டியை மடக்கிக் கிட்ட வாங்க. இன்னும் கிட்ட. எட்ட நின்னு மரியாதை காட்டினா ரெண்டு பேரும் சேர்ந்து விழுவீங்க."

"என் கல்யாணத்துலயே எனக்கு நேரா நின்னு பேசாத பொண்ணுய்யா இது" என்றார் பஸ்காரர். "கட்டிப்பிடிக்கச் சொல்றியே."

"அத்தான், சும்மா இருங்க. சிரிச்சா கை நழுவுது."

ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை மாற்றுவது எப்படி என்று பயில்வான் காட்டினார். ஒரு பக்கமாகப் புரட்டி, பழைய விரிப்பை முதுகோரமாகச் சுருட்டி, புதியதை அதை ஒட்டி விரித்து, இரண்டு சுருட்டலுக்கும் மேலாக மெல்ல மறுபக்கம் புரட்டி உருவிவிட வேண்டும். ஒரு மடிப்புகூட அடியில் நிற்கக் கூடாது. நின்றால் தோல் சிவந்துவிடும், சிவந்தது புண்ணாகும், புண் வந்தால் லேசில் ஆறாது. சின்னவள் உள்ளங்கையால் விரிப்பை நீவி நீவிப் பார்த்தாள். மாணவர்களின் விடைத்தாளைக்கூட அவள் அப்படிப் பார்த்ததில்லை.

குளிப்பாட்டும் வேலை பெரியவளுடையது. அப்போது சின்னவள் அத்தானின் முதுகுப்பக்கம் நின்று, அக்குளுக்கடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்திருப்பாள். அவரும் எதிர்ச் சுவரைப் பார்த்திருப்பார். அந்த நேரத்தில் இரண்டு பேரும் ஊர்ப்பட்ட விஷயங்களை எல்லாம் பேசுவார்கள். எந்தத் தடத்தில் கூட்டம் அதிகம், எந்தத் திருப்பத்தில் பிரேக்கைத் தொடவே கூடாது என்று அவர் சொல்லிக்கொண்டே இருப்பார். தண்ணீர் விழும் சத்தம் நின்றதும் பேச்சும் நின்றுவிடும்.

மனு விசாரணைக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு சின்னவளே நலத்துறை அலுவலகம் போனாள். தான் யார் என்று சொல்லவில்லை. பயனாளியின் மைத்துனி என்று மட்டும் சொன்னாள். வராந்தாவில் பெஞ்சு, பெஞ்சில் குடைகள், குடைகளின் கீழே தண்ணீர். மறுபார்வை அலுவலர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அடிக்கிற ஆளில்லை. பெரியவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

"எழுந்து நிற்கிறார்னு பதிவாகியிருக்கும்மா. துணையில்லாம. அதான் கணினி ஆள் வர்ற நேரத்தைக் குறைச்சிருக்கு."

"எழுந்து நிக்கிறாரா?" பெரியவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு எழுந்து நின்னா நான் ஏன் சார் இங்க வந்து நிக்கிறேன்?"

"கள ஆய்வுக்கு வந்தவங்க கண்ணால பார்த்துப் போட்டிருக்காங்க."

"இதை நீங்க பார்த்துத்தானே சார் ஒப்புக்கிட்டீங்க?" என்று சின்னவள் கேட்டாள்.

"ஆமா மேடம். மனுஷன் பார்வை இல்லாம எதுவும் போகக்கூடாதுன்னு விதி வச்சிருக்காங்க. நல்ல விதி. அதனாலதான் எனக்கு இந்த சீட்டே கிடைச்சுது."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். அது சின்னவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"ஒருவேளை நீங்க ஒப்புக்கலைன்னா?"

அவர் கணினியில் அழுத்திக் காட்டினார். ஒப்புக்கொள்கிறேன் என்றால் ஓர் அழுத்து, அடுத்த ஆளின் கணக்கு வந்து நின்றுவிடும். மறுக்கிறேன் என்றால் ஒரு பெரிய கட்டம் திறந்தது. காரணம் எழுத வேண்டும், ஆதாரம் சேர்க்க வேண்டும், மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். சின்னவள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைப்பளுவில் மூச்சுத் திணறுகிற எந்த மனிதனும் எந்தப் பொத்தானைத் தேடிப் போவான் என்று சொல்லப் புள்ளியியல் தேவையில்லை. மனிதன் பார்க்க வேண்டும் என்று அவள் எழுதினாள். என்னத்தைப் பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை. பார்க்கிறவனுக்கு நேரம் வேண்டும் என்றும் எழுதவில்லை.

"ஐயா, விதியில நேர்ல பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்னு இருக்கு. நாங்க கேட்கிறோம்."

அலுவலர் கண்ணாடியை இறக்கி அவளைப் பார்த்தார். "இருக்கு. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம். வரேன். ஆனா வரிசைப்படிதான் வர முடியும்."

வெளியே வந்ததும் பெரியவள் கேட்டாள். "உனக்கு எப்படித் தெரியும், கேட்கலாம்னு?"

"நான்தான்கா எழுதினேன்."

"தெரியாதவ என்ன பண்ணுவா?"

சின்னவள் குடையை விரித்தாள். இரண்டு பேரும் ஒரே குடையில், ஆளுக்கொரு தோள் நனைய, பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன்னால் அவள் நீதிபதியைத் தனியாகப் பார்த்து விஷயத்தைச் சொன்னாள். மறைக்கக் கூடாது என்று அவர்களே வகுத்த முறை. நீதிபதி நல்ல மனுஷர். முகம் வாடிவிட்டது.

"டைரக்டர்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்றேன். நீங்க கேட்கவே இல்லைன்னு வச்சுக்குவோம்."

"வேண்டாம் சார்."

"நீங்க இதைத்தான் சொல்வீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா ஒன்னு. இது உங்க வீட்டு வழக்கு ஆயிடுச்சு. நலத்துறை பேச்சு வரும்போது நீங்க எழுந்து வெளியில போயிடணும்."

"போயிடறேன். ஆனா அந்த விதியில எங்க ஓட்டைன்னு இப்பத்தான் சார் எனக்கே தெரியும். அதைச் சொல்லணுமே."

"அதைத்தான் நீங்க சொல்லக்கூடாது."

அன்று நலத்துறை பேச்சு வந்தது. அவள் எழுந்து வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் நின்றுகொண்டு மூடிய கதவைப் பார்த்தாள். உள்ளே யாரோ எதற்கோ சிரிப்பது கேட்டது. தான் செய்வது நேர்மையா, வெறும் பிடிவாதமா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

மழை விடவில்லை. லாட்ஜ் விரிப்புகள் காயவில்லை. பெரியவள் கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு கட்டி உலர்த்தினாள். வீடு முழுக்க சோப்பும் நீராவியும் கலந்த வாடை. ரொட்டியில்கூட சோப்பு மணக்கிறது என்று பஸ்காரர் சொன்னார். லாட்ஜ்காரன் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டுமா என்று நாசூக்காகக் கேட்டுவிட்டுப் போனான்.

அந்த வாரத்தில்தான் விழுந்தார்கள்.

குளியலறை வாசலில் ஈரம். பெரியவள் முன்னால் பிடித்திருந்தாள், சின்னவள் பின்னால். பஸ்காரரின் நல்ல கால் வழுக்கியது. அவ்வளவு கனமும் பெரியவள் மேல் சரிந்தது. சின்னவள் சட்டையைப் பற்றினாள், சட்டை கிழிந்து கையோடு வந்தது. மூன்று பேரும் கதவு நிலைக்கும் பக்கெட்டுக்கும் நடுவே கிடந்தார்கள். பக்கெட் உருண்டு தண்ணீர் கடைவரைக்கும் ஓடியது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியவளின் வலது மணிக்கட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கியது. இஸ்திரி பிடிக்கிற கை. அவள் அழவில்லை. தரையில் உட்கார்ந்தபடியே தங்கையிடம் நிதானமாகச் சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் நல்லவளா இருந்தது போதும். நீ என் தங்கச்சியா, அவங்க ஆளா?"

சின்னவள் அத்தானைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, துண்டால் தலை துவட்டினாள். பிறகு ஈரக் கையோடு செல்போனை எடுத்தாள். டைரக்டரின் எண்ணைத் தேடி எடுத்துவிட்டாள்.

"போடாதே" என்றார் பஸ்காரர்.

"நீங்க பேசாதீங்க" என்றாள் பெரியவள்.

"போடாதேன்னு சொல்றேன். மெஷின் மேல தப்பில்ல. ஆபீசர் மேலயும் தப்பில்ல. நான்தான் எழுந்து நின்னேன்."

பெரியவள் வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"ஒரு பொண்ணு வந்துச்சு, கையில டேப்லட் வச்சுக்கிட்டு. நீ லாட்ஜுக்குப் போயிருந்த. பயில்வான் மருந்து வாங்கப் போயிருந்தான். நம்ம பொண்ணு மாதிரி வயசுன்னு வச்சுக்கோயேன், நமக்குப் பொண்ணு இருந்திருந்தா. 'ஐயா, நீங்களே எழுந்து நிக்க முடியுமா?'ன்னு கேட்டுச்சு. எவ்வளவு பெரிய பஸ்ஸைத் திருப்பின கை! முடியாதுன்னு சொல்ல வாய் வரல. கட்டில் கம்பியைப் பிடிச்சேன், எழுந்து நின்னுட்டேன். 'சூப்பர் ஐயா'ன்னுச்சு. என்னை யாராவது சூப்பர்னு சொல்லி எத்தனை நாளாச்சு!"

"அப்புறம்?" சின்னவள் கேட்டாள்.

"அது போயிடுச்சு. எனக்கு உட்காரத் தெரியல. கால் விட்டுப்போச்சு. சரிஞ்சு தரையில உட்கார்ந்தேன். துணியெல்லாம் நனைஞ்சுபோச்சு. பயில்வான் வர்ற வரைக்கும் அப்படியே கிடந்தேன். அன்னைக்கு முழுக்கத் தலையைத் தூக்க முடியல. உன்கிட்டச் சொல்லக்கூடாதுன்னு பயில்வான்கிட்ட சத்தியம் வாங்கிட்டேன்."

பெரியவள் உருண்டு கிடந்த பக்கெட்டை இடது கையால் எட்டி நிமிர்த்திவைத்தாள். பிறகு, "அவ அழகா இருந்தாளா?" என்றாள்.

"சுமார்தான்."

"சுமாரா இருந்தவளுக்கே எழுந்து நின்னுட்டீங்க. கொஞ்சம் லட்சணமா இருந்திருந்தா ஓடியே காட்டியிருப்பீங்க."

முதலில் பஸ்காரர்தான் சிரித்தார். பாதி முகத்தால். பிறகு அந்தப் பாதியும் கோணிக்கொண்டது, அவர் விசும்பினார். பெரியவள் நகர்ந்து போய் அவர் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து, நல்ல கையால் அவர் காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டாள்.

சின்னவள் செல்போனோடு கடைப்பக்கம் வந்தாள். தொங்கும் விரிப்புகளுக்கு நடுவே நின்று போன் போட்டாள். டைரக்டருக்கு இல்லை, நீதிபதிக்கு.

"சார், நான் குழுவிலேருந்து விலகிக்கிறேன்."

மறுமுனையில் அவர் ஏதேதோ சமாதானம் சொன்னார். இந்த இடத்துக்கு வர எவ்வளவு பேர் காத்திருக்கிறார்கள், இன்னும் எவ்வளவு விதிகள் மிச்சமிருக்கின்றன என்றெல்லாம். அவள் கேட்டுக்கொண்டாள். அந்த நாற்காலி அவளுக்கும் பிடித்த நாற்காலிதான். ராத்திரி பகலாகப் படித்து, வாதாடி, ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்தது.

"பொதுமக்கள் கருத்துக் கேட்கிற கூட்டம் இருக்கே சார். உறுப்பினரா இருந்தா நான் இதைப் பேச முடியாது. வெளியாளா வந்து பேசலாம்ல?"

"வரலாம்" என்றார் நீதிபதி.

பெரியவளின் கைக்கட்டோடு நாட்கள் போயின. இஸ்திரி மேசையில் பக்கத்துத் தெருத் தையல்காரி வந்து கைகொடுத்தாள். பயில்வான் தன் சொந்த நேரத்தில் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனார். சத்தியத்தை மீறாததற்குப் பெரியவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். வரிசைப்படி ஒரு நாள் மறுபார்வை அலுவலர் வந்தார். நனைந்த செருப்பை வாசலில் விட்டுவிட்டு, விரிப்புகளைக் குனிந்து குனிந்து தாண்டி, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

பஸ்காரர் காலையிலேயே முகம் மழித்துக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இந்த மனுஷர் ஆளைக் கண்டால் மறுபடியும் எழுந்து நின்றுவிடுவாரோ என்று பெரியவள் கட்டில் கம்பியை மறைத்தபடி நின்றாள்.

அலுவலர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஐயா, நீங்களே எழுந்து நிக்க முடியுமா?" அதே கேள்விதான்.

பஸ்காரரின் நல்ல கை கம்பிப்பக்கம் போனது. பெரியவளின் இடுப்பில் இடித்து நின்றது.

"முடியும் சார்" என்றார்.

பெரியவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு தடவை முடியும். வீம்புக்கு. நீங்க போனப்புறம் நான் கீழ கிடப்பேன். தூக்கறதுக்கு ஆள் வர்ற வரைக்கும் ஈரத்துல கிடப்பேன். நிக்க முடியுமான்னு கேட்கறீங்க, நின்னப்புறம் என்ன ஆகும்னு யாரும் கேட்கல. இப்ப நீங்க கேளுங்க, சொல்றேன். என் பொண்டாட்டி கையைப் பாருங்க. அது நான் மேல விழுந்த கை." அவர் மூச்சு வாங்கினார். "குளிப்பாட்டிவிட ஆள் வேணும் சார் எனக்கு. தனியா முடியல."

அந்தக் கடைசிச் சொல்லை அவர் அந்த வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரிடம்கூடச் சொன்னதில்லை.

அலுவலர் உடனே ஒன்றும் எழுதவில்லை. பெரியவளின் மணிக்கட்டைப் பார்த்தார். குளியலறை வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பெரியவள் கொடுத்த டீயைக் குடித்தார். கிளம்பும்போது, "காரணம் எழுதறதுக்கு இப்ப எனக்கு நிறைய இருக்கும்மா" என்றார்.

குறைத்த நேரம் திரும்பக் கிடைத்தது; பயில்வான் பழையபடி தினமும் வந்தார்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் சின்னவள் மேசைக்கு இந்தப் பக்கம், தன் முறைக்காக உட்கார்ந்திருந்தாள். பழைய சகாக்கள் அவளைப் பார்ப்பதா, பார்க்காததுபோல் இருப்பதா என்று தெரியாமல் தண்ணீர் குடித்தார்கள். அவள் இரண்டு விஷயம் கேட்டாள். உதவியைக் குறைக்கும் முன் அலுவலர் ஆளை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மறுப்பதற்குக் காரணம் கேட்கிற கணினி, ஒப்புக்கொள்வதற்கும் காரணம் கேட்க வேண்டும். நேரில் பார்ப்பதைக் குழு ஏற்றது. இரண்டாவதற்கு அலுவலர்கள் போதாது என்று டைரக்டர் சொன்னார். பரிசீலிப்போம் என்றார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். இரண்டாவதை மறுபடியும் கேட்க வேண்டும் என்று படியிறங்கும்போதே நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் கால் பழக்கதோஷத்தில் அவளை அக்கா வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டது. உள்ளே பயில்வான் வேலையை முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார். கடையில் மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மழை விட்டு, வாசலில் வெயில் அடித்தது.

"உனக்கு இன்னைக்குக் கமிட்டி இல்லையா?" என்றார் பஸ்காரர்.

"இல்ல அத்தான்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் இல்ல."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். பல வருஷம் கண்ணாடியில் பின்னால் ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்கள் முகத்தைப் பார்த்தே வண்டி ஓட்டியவர். "விட்டுட்டியா?" என்றார் மெல்ல. அவள் தலையசைத்தாள்.

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"சொல்லாதீங்க."

"இந்த வீட்டுல மறைச்சது போதும்" என்றுவிட்டு அவர் திரைப்பக்கம் குரல் கொடுத்தார். "ஏய், இங்க வா. உன் தங்கச்சி கமிட்டி வேலையை விட்டுட்டு வந்து நிக்கிறா."

பெரியவள் தோளில் விரிப்போடு வந்தாள். தங்கையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முகத்தில் கோபம் வருவதும் போவதுமாக இருந்தது.

"எனக்காகவா?"

"உனக்காக மட்டும்னு சொல்ல மாட்டேன்கா. அங்க உட்கார்ந்துக்கிட்டு இதைப் பேச முடியல. இந்தப் பக்கம் வந்தாத்தான் பேச முடியும்னு ஆயிடுச்சு."

"பேசினியா?"

"பேசினேன். பாதி கேட்டாங்க."

"பாதிதானா?"

"மீதியையும் கேட்க வைக்கணும்."

பெரியவள் தோளிலிருந்த விரிப்பை எடுத்தாள். வலது மணிக்கட்டு இன்னும் முழுசாக மடங்கவில்லை. ஒரு முனையைத் தங்கையிடம் நீட்டினாள்.

"பிடி. இறுக்கிப் பிடி. ஒத்தைக் கையால இதை மடிக்க முடியல."

சின்னவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் பின்னால் நகர்ந்து நகர்ந்து விரிப்பை இழுத்துச் சொடுக்கினார்கள்.

"சுருக்கம்" என்றாள் பெரியவள். "உன் பக்கம். திரும்ப உதறு."

அவள் உதறினாள்.